பெரிய வீட்டு வண்டி

காலை எடுத்தால் வண்டி செத்துவிடும், அதனால் எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறேன், ஆக்சிலேட்டரில் பெருவிரல் மட்டும் பட்டும் படாமலும் இருக்க வேண்டும், கொஞ்சம் கூடினால் எஞ்சின் கத்தும், கத்தினால் போர்டிகோவில் பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருக்கிற முதலாளி இந்தப் பக்கம் திரும்புவார், கொஞ்சம் குறைந்தால் வண்டி மொத்தமும் குளிர்காய்ச்சல் வந்தவன் மாதிரி நடுங்கும், ஸ்டியரிங் நடுங்கும், கண்ணாடியில் தொங்குகிற பிள்ளையார் நடுங்குவார், என் பல்லில்கூட அந்த நடுக்கம் ஏறுகிறது. அப்பா போவதற்கு முன்னால் ஜன்னலில் குனிந்து காதுக்குள் சொன்னார். "அம்மா வந்து ஏறி உக்காந்து பாத்துட்டு இறங்குற வரைக்கும் காலை எடுத்துராத. லேசா மிதிச்சுக்கிட்டே இரு. ரொம்ப நாள் நின்ன வண்டி, அதான் திணறுது. ஓட ஓடச் சரியாயிரும்." ஏசியைப் போடவா என்று கேட்டேன். போட்டால் இந்த மிதிக்கும் எஞ்சின் தாங்காது, அணைந்துவிடும் என்று தெரிந்துதான் கேட்டேன். "எதுக்கு ஏசி, இயற்கைக் காத்து வருதுல்ல" என்று நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டுப் போய்விட்டார். இயற்கைக் காற்று. பங்குனி மாசத்து மத்தியான வெயிலில் சத்திரப்பட்டி ரோட்டுப் புழுதிதான் வருகிறது. அவருக்குத் தெரிகிறது, எனக்குத் தெரிகிறது, முதலாளிக்கும் தெரியாமல் இருக்காது, தெரியாதது அம்மா ஒருத்திக்குத்தான், அவளைத்தான் உள்ளே சமையல்கட்டில் பிடித்துவைத்து முதலாளியம்மா ஏதோ பேசிக்கொண்டிருக்கிறாள். அட்வான்ஸ் பணம் அம்மாவின் கையில்தான் இருக்கிறது. வண்டியைப் பார்க்காமல் குடுக்கமாட்டேன் என்று வீட்டிலேயே சொல்லிவிட்டாள். அவள் பார்க்கப்போவது இதைத்தான், என் பெருவிரலைத்தான்.

முதலாளி உட்கார்ந்திருக்கிறார், அப்பா நிற்கிறார், பக்கத்தில் இன்னொரு நாற்காலி சும்மா கிடக்கிறது. அப்பாவை வேலையை விட்டு நிறுத்தி ஒரு ஆடி போய்விட்டது, மகன் புது வண்டி வாங்கித் தானே ஓட்டுகிறான், இனி டிரைவர் வேண்டாம் என்று சொல்லியாயிற்று, இன்றைக்கு வண்டி வாங்க வந்திருக்கிற ஆள் அப்பா, விற்கிறவர் அவர், கடையில் கத்தரிக்காய் வாங்குகிறவன்கூட இப்படிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கமாட்டான். உட்கார்ந்தால் என்ன, நாற்காலி கடிக்குமா. அந்தத் துண்டைத் தோளில் போட்டால் என்ன, எதற்கு அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருக்க வேண்டும். எனக்கு முகம் எரிகிறது. வெயிலால் மட்டுமில்லை. என்னையும் செருப்பைக் கழட்டிவிட்டுத்தான் ஏறச் சொன்னார். இந்த வண்டியைப் பதினோரு வருஷமும் அவர் வெறுங்காலோடுதான் ஓட்டினார், காலடி விரிப்பில் மண் பட்டால் முதலாளிக்கு ஆகாது, செருப்பை சீட்டுக்கு அடியில் பேப்பரில் சுற்றி வைத்திருப்பார், மதுரைக்குப் போனாலும் மெட்ராஸ் போனாலும் அப்படித்தான். ஆக்சிலேட்டர் ரப்பரில் ஒரு இடம் மட்டும் வழவழவென்று குழிந்திருக்கிறது. வரிவரியாக இருந்திருக்க வேண்டிய ரப்பர், அந்த இடத்தில் மட்டும் வரியே இல்லை. என் பெருவிரல் தேடாமலே அதற்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அப்பாவின் விரல் தோண்டின குழி. எடுத்து வேறு இடத்தில் வைத்துப் பார்த்தேன், வண்டி உறுமியது, முதலாளி திரும்பினார், மறுபடியும் அந்தக் குழிக்கே விரல் போய்விட்டது. அதற்குத்தான் ஆத்திரமாக வருகிறது, இந்தக் குழி எனக்கு அளவெடுத்துச் செய்தது மாதிரி இருக்கிறதே, அதற்கு.

பானட்டைத் திறக்கலாம் என்று வந்தவுடனே முன்னால் போனேன். ஒரு வண்டி வாங்கினால் முதலில் அதைத்தானே செய்வார்கள், மாட்டுக்குப் பல்லைப் பார்க்கிற மாதிரி. கையைத் தட்டிவிட்டார் அப்பா. "முதலாளி பாக்குறாருடா." பார்க்கட்டுமே. "அவுக வீட்டு வண்டிய அவுக முன்னாடியே நோண்டிப் பாத்தா என்னன்னு நினைப்பாக." என்ன நினைப்பார்கள், வண்டி வாங்க வந்திருக்கிறான் என்று நினைப்பார்கள். முதலாளி சிரித்தார். "என்ன குருவையா, உம் மகன் பெரிய மெக்கானிக்கா வந்திருக்கானே. டேய், உங்கப்பனுக்குப் பதினோரு வருஷமாச் சோறு போட்ட வண்டிடா இது." சோறு போட்ட வண்டி. வண்டியா சோறு போட்டது, அப்படியானால் ராத்திரியெல்லாம் கண் முழித்தது யார், கல்யாண மண்டபத்து வாசலில் கொசுக்கடியில் கிடந்தது யார். சொல்லத்தான் வாய் வந்தது, அப்பாவும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார், அதனால் மூடிக்கொண்டேன். ஒரு தடவை ஓட்டியாவது பார்க்கலாம் என்று சொன்னேன். அதற்கும் முதலாளியே பதில் சொன்னார், "பதினோரு வருஷம் ஓட்டுனவன் இனிமே என்னத்த ஓட்டிப் பாக்கப்போறான்." அப்பா அதற்கும் தலையை ஆட்டினார். நான்கு டயருக்கு அடியிலும் நான்கு எலுமிச்சம்பழம் வேறு வைத்துவிட்டார், வீட்டிலிருந்தே சட்டைப்பையில் போட்டுக் கொண்டுவந்தது. பழம் நசுங்கிவிட்டால் வண்டி நம்முடையது, அப்புறம் யாரும் திரும்பப் பேச முடியாது. பேரம் முடியுமுன்னே பழத்தை வைக்கிற ஆள் உலகத்தில் என் அப்பா ஒருத்தர்தான்.

இந்த வண்டி எதற்கு என்று யாராவது ஒரு நிமிஷம் யோசித்தார்களா. ஊர்வலம் போகவா. மில் ஹாஸ்டலுக்கு இட்லியும் சாம்பாரும் கொண்டுபோக. அம்மா நாலு மாசம் நடையாய் நடந்து வாங்கின வேலை, வைகாசி பிறந்ததும் ஆரம்பிக்க வேண்டும், முதல் ஷிப்டுப் பிள்ளைகள் விடியுமுன்னே சாப்பிட்டுவிட்டு மிஷினுக்குப் போகவேண்டும், வார்டன் அம்மாவின் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறாள், "ஒரு நாள் வண்டி வரலைன்னா மறுநாள் வேற ஆளுதான், அப்புறம் எங்கிட்ட வந்து அழுகக்கூடாது." அழுகிற ஜாதியில்லை என்று அம்மாவும் சொல்லிவிட்டு வந்தாள். அதற்கு வேண்டியது காலையில் சாவியைத் திருப்பினால் ஓடுகிற வண்டி, ஓடாவிட்டால் நானே திறந்து ஓடவைக்கிற வண்டி. அந்த நேரத்தில் எந்த மெக்கானிக் வருவான். எஸ்தர் சிஸ்டரின் மாருதி எய்ட் ஹண்ட்ரட் அப்படிப்பட்ட வண்டி. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர், தானே ஓட்டின வண்டி, இப்போது கண் சரியில்லை என்று விற்கிறார், நான் போய் நின்றதும் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, "என்ன வேணும்னாலும் கழட்டிப் பாரு தம்பி, ஆனா போகும்போது மாட்டிட்டுப் போ" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டார். பானட்டைத் தூக்கினால் எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவில் என் முழங்கை வரைக்கும் உள்ளே போகிறது. இது கார்பரேட்டர், இது பிளக், இது பெல்ட், ஒளிவு மறைவே கிடையாது. கார்பரேட்டரைக் கழட்டி, பேப்பர் விரித்து, பெட்ரோலில் கழுவி மாட்டினேன், ஒரு ஸ்க்ரூ மிச்சம் வந்தது, அது எங்கே போகவேண்டும் என்று அரை நாள் தேடினேன், கடைசியில் பார்த்தால் அது சிஸ்டர் வீட்டுத் தையல் மிஷினிலிருந்து கழன்று விழுந்தது. ஸ்பேர் இந்த ஊரிலேயே மூன்று கடையில் கிடைக்கிறது, பழசும் கிடைக்கும் புதுசும் கிடைக்கும். கதவு ஓரத்தில் துரு இருக்கிறது, சைலன்சர் இருமுகிறது, பெயின்ட் வெளுத்துச் சப்போட்டாப் பழத்தோல் மாதிரி ஆகிவிட்டது. இருக்கட்டும். இட்லிக்குப் பெயின்ட் தெரியுமா. எஃப்.சி.யெல்லாம் புதுப்பித்து வைத்திருக்கிறார். பின்சீட்டை மடக்கினால் சாம்பார் அண்டா உட்காருகிறது. சும்மா சொல்லவில்லை, அண்டாவின் வாயைச் சணல் கயிறு வைத்து அளந்து, முடிச்சுப் போட்டு எடுத்துப் போய் வைத்துப் பார்த்தேன். அந்தக் கயிறு இப்போதும் பையில் இருக்கிறது. இங்கே டிக்கியைத் திறந்து வைத்துப் பார்க்கலாம் என்று எடுத்தேன், "கயித்தை உள்ள வைடா, மானத்த வாங்காத" என்று பல்லைக் கடித்தார் அப்பா. டிக்கி பெரிசுதான், நாலு சூட்கேஸ் வைக்கலாம், ஆனால் வாய் குறுகல், பார்த்தாலே தெரிகிறது, அண்டா நுழையாது. பின்சீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்பார். பின்சீட்டில். முதலாளி உட்கார்ந்த இடத்தில் சாம்பார்.

சிஸ்டர் வண்டியைப் பற்றி வீட்டில் சொன்னபோது அப்பா சிரிக்கக்கூட இல்லை. "தீப்பெட்டி" என்றார். அம்மா அதில் என்ன குறை என்று கேட்டதற்கு, "குறையெல்லாம் ஒண்ணும் இல்ல பேச்சி, பெரிய வீட்டு வண்டிய ஓட்டுன கை, நாளைக்கு அந்தத் தீப்பெட்டியத் தள்ளிக்கிட்டுப் போனா நாலு பேரு என்ன சொல்லுவான்" என்றார். நாலு பேர். அந்த நாலு பேரை நான் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும், எந்தத் தெருவில் இருக்கிறார்கள், காலையில் எழுந்து எங்கள் வீட்டு வண்டியைப் பார்ப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வேலையே கிடையாதா. கெண்டைக்கால் இழுக்கிறது. விரலில் உணர்ச்சி குறைந்துகொண்டே வருகிறது, அழுத்துகிறேனா இல்லையா என்று எஞ்சின் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, மீட்டர் முள் ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது, வீடு மாதிரி, எங்கள் வீட்டில் அப்பாவின் குரல் மாதிரி. உள்ளே ஒரு பழைய சென்ட் வாசனை, அதற்கு அடியில் ஈரத்துணி நாற்றம். முள்ளையே பார்த்துக்கொண்டிருந்ததில்தான் அது கண்ணில் பட்டது. மீட்டருக்குள் அல்ல, மீட்டரின் கண்ணாடிக்கு மேலே, இடது கீழ் மூலையில், சுண்டுவிரல் நகத்தளவு கறுப்பு டேப். கறுப்பு மேல் கறுப்பு, தெரியவே தெரியாது. ஒரு ஓரம் பல்லால் கடித்துக் கிழித்த மாதிரி ரம்பம் ரம்பமாக இருக்கிறது. இன்னொரு ஓரம் உள்பக்கமாக ஒரு மடிப்பு, பின்னால் உரிக்க வசதியாக. எங்கள் வீட்டு மிக்ஸி வயரில் இந்த மடிப்பு இருக்கிறது. டி.வி. ரிமோட்டின் முதுகில் இருக்கிறது. என் பழைய ஜாமெட்ரி பாக்ஸில் இருந்தது. இப்படி ஓரம் மடித்து ஒட்டுகிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருத்தர்தான், அவர் அங்கே துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறார். மடிப்பைப் பிடித்து இழுத்தேன். சுலபமாக வந்தது. உள்ளே மஞ்சளாக ஒரு விளக்கு எரிகிறது, எஞ்சினில் கோளாறு என்றால் எரிகிற, எஞ்சின் படம் போட்ட விளக்கு. எத்தனை நாளாக எரிகிறதோ, டேப்பின் பசை கண்ணாடியில் காய்ந்து பொடியாகிக் கிடக்கிறது. நாளாகத்தான் இருக்க வேண்டும், வருஷமாகத்தான் இருக்க வேண்டும்.

ஆறாவதோ ஏழாவதோ படித்துக்கொண்டிருந்தேன், ஒரு நாள் அப்பா வந்து சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அம்மா தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத்தான் வாயைத் திறந்தார். "என்னடா பண்ணித் தொலைச்ச என் வண்டியன்னு கேட்டுட்டாரு பேச்சி. வெளக்கு எரிஞ்சா நான் என்ன பண்ணுவேன், நானா பொருத்தி வச்சேன்." கம்பெனிக்குக் கொண்டுபோய் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று சொன்னதற்கு, நீ கெடுத்ததற்கு நான் தண்டம் அழவேண்டுமா என்று கேட்டாராம். மறுநாள் சாயங்காலம் நன்றாகச் சாப்பிட்டார். "வெளக்கு அணைஞ்சிருச்சு" என்று அம்மாவிடம் சொன்னார், அம்மா மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள். அணைந்துவிட்டதாம். இந்த விளக்கு அன்றிலிருந்து எரிந்துகொண்டே இருக்கிறது, என் அப்பா அதற்கு முன்னாலேயே இவ்வளவு வருஷம் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறார், ஒவ்வொரு நாளும் டேப் ஒழுங்காக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்திருப்பார், அடுத்தவன் வண்டியின் நோவைத் தன் குற்றம் மாதிரி மறைத்து, அந்த நோவை முற்றவிட்டு, இப்போது அதே நோவை அம்மாவின் பணத்தைக் கொடுத்து வீட்டுக்குக் கூட்டிவரப் பார்க்கிறார். அது தெரியாமலா செய்கிறார். தெரிந்துதான் செய்கிறார். அவருக்கு இந்த வண்டி வேண்டும். ஒரு நாளாவது முதலாளி உட்கார்ந்த பக்கத்தில் தன் பெண்டாட்டி உட்கார்ந்து வரவேண்டும், அதைத் தெரு பார்க்க வேண்டும். அது எனக்குப் புரிகிறது, புரிவதுதான் எரிச்சல், புரியாமல் இருந்தால் இந்நேரம் இறங்கி நடந்திருப்பேன்.

அப்புறம் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். இருட்டோடு இருட்டாக மில் ரோட்டுத் திருப்பத்தில் வண்டி நிற்கும், பின்சீட்டில் சாம்பார் தளும்பும், அப்பா சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், அப்புறம் "மகராசா, கொஞ்சம் பாருடா" என்பார், நான் பானட்டைத் திறப்பேன், அங்கே எஞ்சினே இருக்காது, கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதைக் கழட்டினால் அதற்கடியில் விரல்கூட நுழையாத இடத்தில் வயர்கள், எதைத் தொட்டாலும் மதுரைக்குப் போ, கம்ப்யூட்டரில் போடு. செல்போன் வெளிச்சத்தில் மல்லாக்கப் படுத்திருப்பேன், முதுகில் கல் குத்தும், ஹாஸ்டலில் பிள்ளைகள் தட்டை வைத்துக்கொண்டு நிற்பார்கள், வார்டன் போன் அடித்துக்கொண்டே இருப்பாள், அம்மா எடுக்கமாட்டாள். பன்னிரண்டாவதைப் பாதியில் விட்டுவிட்டு வந்தபோது அம்மா திட்டவில்லை, "சரி, படிக்கத்தான் பிடிக்கல, கையிலயாவது ஏதாச்சும் வச்சுக்க" என்றாள். கையில் இருக்கிறது, ஆனால் இந்த வண்டிக்குள் கை போகாது. இதெல்லாம் தெரிந்தும் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நானும்தான் மறைக்கிறேன். அப்பா டேப்பால் மறைத்தார், நான் காலால் மறைக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம், இப்படியே விட்டால் இன்னும் பத்து வருஷத்தில் நானும் எவன் முன்னாலேயோ துண்டைச் சுருட்டிக்கொண்டு நிற்பேன், என் விரலும் எவனுடைய ரப்பரையோ தோண்டியிருக்கும்.

சமையல்கட்டு வாசல் திறக்கிறது. அம்மா வருகிறாள், கையில் ஒரு துணிக்கடைப் பை, பழைய சேலைகளாக இருக்கும், முதலாளியம்மா ஒவ்வொரு பொங்கலுக்கும் கொடுத்தனுப்புவது, அம்மா அதை வாங்கிவந்து ஜன்னலுக்குத் திரை தைப்பாளே தவிர ஒரு நாளும் கட்டினதில்லை. அப்பா ஓடி வந்து பின்கதவைத் திறந்து பிடிக்கிறார். முதலாளிக்குத் திறந்து பிடிக்கிற அதே மாதிரி, ஒரு கை கதவில், ஒரு கை தலை இடிக்காமல் மேலே. அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, "போதும் போதும், ஊரு பாக்குது." எனக்கே ஒரு நொடி நெஞ்சு இளகியது. அப்புறம் அவள் செருப்பைக் கழட்டினாள். யாரும் கழட்டச் சொல்லவில்லை. கோயில் வாசலில் விடுகிற மாதிரி ஜோடியாக ஓரமாக வைத்துவிட்டு, பாதத்தைச் சேலை முனையால் தட்டிவிட்டு ஏறினாள். சீட்டின் விளிம்பில்தான் உட்கார்ந்தாள், சாயவில்லை, கையை விரித்து சீட்டைத் தடவிப் பார்த்தாள், இரண்டாவது தடவையும் தடவினாள். கண்ணாடியில் அவளுடைய முகம் தெரிகிறது. கண்ணாடியைப் பார்த்து முன்முடியை ஒதுக்கிக்கொண்டாள். இப்படி அவள் முடியை ஒதுக்கி நான் பார்த்ததில்லை. இவளுக்குப் பிடித்துவிட்டது. பிடித்துவிட்டால் நான் யார், விரலை வைத்தே இருக்கிறேன், மரத்துப்போனால் போகட்டும், ஓட ஓடச் சரியாகிவிடும், பிள்ளையாரே, சரியாகிவிடும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன், அப்பாவின் குரலில் சொல்லிக்கொள்கிறேன். "எப்பிடி இருக்கு" என்று அப்பா ஜன்னலில் குனிகிறார். முதலாளியும் எழுந்து படியில் வந்து நிற்கிறார். அம்மா அவரைப் பார்க்கவில்லை. முன்சீட்டின் முதுகில் கையை வைத்து என் காதுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"மகராசா, இது ஓடுமாடா?"

"ஓடுமாவா, கேக்குறதப் பாரு" என்றார் அப்பா. "சத்தத்தக் கேட்டியா, சீரா இருக்கு பாரு."

"உங்கள கேக்கல. அவனக் கேட்டேன்."

அப்பா ஜன்னல் வழியாக என்னைப் பார்க்கிறார். கோபமில்லை அந்தப் பார்வையில். கோபமிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். டேப் இருந்த இடத்தில் மஞ்சள் விளக்கு எரிவதை அவர் பார்த்துவிட்டார், அதைப் பார்த்துவிட்டு மறுபடியும் என்னைப் பார்க்கிறார், உதடு மட்டும் அசைகிறது, என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரியும், வந்ததிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். அம்மாவின் கை என் தோளில் இருக்கிறது, இட்லிக் கொப்பரையில் சுட்ட தழும்போடு. குழியிலிருந்து பெருவிரலைத் தூக்கினேன். முள் சரிந்தது, பிள்ளையார் ஆடினார், ஸ்டியரிங் ஆடியது, அம்மாவின் கை என் தோளோடு சேர்ந்து ஆடியது, ஒரு விக்கல், இன்னொரு விக்கல், அப்புறம் தென்னை ஓலை உரசுகிற சத்தம் கேட்டது, முதலாளி வீட்டு நாய் எங்கேயோ சங்கிலியை இழுப்பது கேட்டது. எலுமிச்சம்பழம் நான்கும் அப்படியே இருக்கின்றன. அம்மா இறங்குகிற வரைக்கும் காலை எடுத்துராத என்றுதான் அப்பா சொல்லியிருந்தார். அம்மா இன்னும் இறங்கவில்லை.